தேடப்படுபவரின் இடது காது

"ஒருத்தரைக் கண்டுபிடிக்கணும், தம்பி."

ஓவியன் பென்சில் சீவுவதை நிறுத்தி நிமிர்ந்தான்.

மூன்றாம் மாடி அம்மாள்!

வணிக வளாகத்தின் நகரும் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு பலகை. அங்கே உட்கார்ந்து வருகிறவர்களின் முகத்தை வரைவது அவன் பிழைப்பு. அவன் குடியிருக்கும் கட்டடத்தில்தான் இந்த அம்மாளும். லிஃப்டில் எத்தனையோ தடவை ஒன்றாக ஏறியிருக்கிறார்கள். அம்மாளுக்கு அது நினைவில்லை.

போன மாதம் லிஃப்ட் பழுதான அன்று, படிக்கட்டில் மயங்கிக் கிடந்த அவரை ஆம்புலன்ஸ் வரை தூக்கிவந்தது அவன்தான். "சொந்தமா?" என்று கேட்டார்கள். இல்லை என்றான். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

"படிக்கட்டுல மயங்கிக் கிடந்த என்னைத் தூக்கிட்டு வந்தவரு. நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்தேன். அந்த முகம் மனசுல ஒட்டிக்கிச்சு. நான் சொல்லச் சொல்ல வரைங்க. லிஃப்ட் பக்கத்துல ஒட்டணும். நன்றி சொல்லாம செத்துப் போனா நல்லாவா இருக்கும்?"

'நான்தாம்மா அது.' தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினான். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதலாக, தான் யாரென்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. ஒரே ஒரு தடவை, சொல்லாமலே யாராவது கண்டுபிடிக்கட்டுமே!

தன் முகத்தையே வரைந்தான். தடித்த புருவம், அகலமான மூக்கு, இடது காது மடலில் ஒரு சின்ன வெட்டு.

அம்மாள் எட்டிப் பார்த்தார். "ம்ஹும். மூக்கு இவ்வளவு சப்பை இல்லை."

அழித்தான்.

"நல்ல நிறம் அவரு. இந்த நிழலையெல்லாம் எடுத்துடுங்க."

எடுத்தான்.

"தாடை எடுப்பா இருக்கும். பார்த்தாலே தெரியும், நம்ம ஊர் ஆளுன்னு."

ரப்பர் தேயத் தேய, தாளிலிருந்து அவன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தான்.

"இவரேதான்!" அம்மாள் கைதட்டினார்.

காதைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. காதை யார் பார்க்கிறார்கள்? அது தப்பித்துவிட்டது.

படத்தை செல்போனில் பிடித்து ஊரிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினான். சாயங்காலமே அழைப்பு வந்தது.

"யாருடா இந்த மாப்பிள்ளை? துணிக்கடை விளம்பரத்துல வர்றவன் மாதிரி இருக்கான். அது சரி, உன் காதை எதுக்குடா இவனுக்கு ஒட்டி வெச்சே?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"நான் கடிச்ச காது எனக்குத் தெரியாதா, எருமை! அதுக்கு அம்மா முதுகுல வெச்சது இன்னும் வலிக்குது."

விழுந்து விழுந்து சிரித்தான். போனை வைத்ததும் அறை முன்பைவிடக் காலியாக இருந்தது. ஆனால் ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. அக்காவுக்குத் தெரிகிறதென்றால், பார்க்கிற மாதிரி காட்டினால் அம்மாளுக்கும் தெரியாதா என்ன?

மறுநாள் காலை. லிஃப்ட் பக்கத்தில் படம் ஒட்டியிருந்தது. கீழே பெரிதாக, 'இவரைத் தெரியுமா?'

எப்போதும் காதை மூடியிருக்கும் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். படத்தை ஒட்டி, இடது காது தெரியும்படி நின்றான்.

லிஃப்ட் திறந்தது. மூன்றாம் மாடி அம்மாள். படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி படத்தை.

அவன் காதை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினான்.

"அட, படம் வரைஞ்ச தம்பி! நீங்களும் இந்தக் கட்டடம்தானா?" என்று சிரித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வர்றவங்களுக்கு அவரு முகம் மறைக்குது."