கிளிக்கு அடுத்த ஆள்

கிளியைக் கொடுக்க வந்த டார்லீன் முதலில் தாரஸின் அடுப்படியைப் பார்த்தாள். ஒட்டாத தவா இரண்டையும் வெளியேற்றச் சொன்னாள். சூடு ஏறினால் அதன் புகையே பறவையைக் கொன்றுவிடும். வாசனை மெழுகுவத்திகளும் ஆகாது. தாரஸ் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு கராஜில் வைத்துவிட்டு வந்தான். கிளி பறக்கும்போது யாரும் தவறிப் போட்டுவிடாதபடி மின்விசிறி சுவிட்சின் மேல் டேப் ஒட்டினான்.

சாப்பாட்டு மேசையின் மேல் பயணக்கூண்டு இருந்தது. உள்ளே நாலு மாத அமேசான் கிளி. மார்ச்சில் ஆய்வுக்கூட வேலையாக மண் மாதிரி எடுக்க டார்லீனின் கிளிப் பண்ணைக்குப் போனபோது அது அவன் சட்டைக்கையில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. அதன் பிறகு, எடுக்க மண் எதுவும் இல்லாமலே மூன்று முறை போய்வந்தான்.

"எல்லாம் சரி தம்பி. இனி பேப்பர்தான்" என்றாள் டார்லீன்.

முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தான். அவள் வரி விடாமல் படித்தாள். நாலாம் பக்கத்தில் நின்றாள்.

"லெஸ்யா செம்கோ. உங்க மனைவியா? கூப்பிடுங்க, ரெண்டு வார்த்தை பேசணும். உங்களுக்கு அப்புறம் பறவையைப் பாத்துக்கப் போறவங்களாச்சே."

தாரஸ் எட்டிப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். ஒன்பது வருடமாக எந்தப் படிவம் வந்தாலும் இன்னொருவர் பெயர் கேட்கும் இடத்தில் அதைத்தான் எழுதி வந்தான். கை தானாக எழுதியிருக்கிறது, போன் நம்பரோடு.

"அவ இல்ல. நவம்பர்ல இறந்துட்டா."

டார்லீன் கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயோ. மன்னிச்சுக்கோங்க." துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "இருந்தாலும் இந்த இடத்துல உசுரோட இருக்கிற ஒருத்தர் வேணும் தம்பி."

"எனக்கு முப்பத்துமூணுதான் ஆகுது."

"இது நல்லபடியா இருந்தா இன்னும் அறுபது வருஷம் இருக்கும். போன வருஷம் மட்டும் மூணு பறவை எங்கிட்டத் திரும்பி வந்துச்சு. வளத்தவங்க போயிட்டாங்க, எடுத்துக்க ஆளில்ல. அதுல ஒண்ணு பதினோரு நாள் வெறும் வீட்ல கிடந்திருக்கு. யார் பேராவது சொல்லுங்க, நான் பேசறேன். இல்லேன்னா இதை என் வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

தாரஸ் யோசித்தான். அப்பா, அம்மா இல்லை. ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவனுக்கு இறகு என்றாலே தும்மல். மீதி இருந்தது மார்த்தா. லெஸ்யாவின் அக்கா. அடக்கத்துக்குப் பிறகு வாரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து கதவைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அவள் போன் எதையும் அவன் எடுத்ததில்லை.

கிளி கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் போனை எடுத்தான்.

"யாரு செத்தா?" என்றாள் மார்த்தா.

"யாரும் சாகல. ஒரு உதவி வேணும். எனக்கு ஏதாவது ஆயிட்டா, ஒரு கிளியை நீ எடுத்துக்குவியா?"

மார்த்தா மிகவும் மெதுவாகக் கேட்டாள். "தாரஸ், இப்ப எங்க இருக்க?"

"வீட்ல."

"தனியாவா?"

"இல்ல. கிளி இருக்கு."

"அங்கேயே இரு. எதையும் தொடாத. கதவைத் திறந்து வை."

பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். பைஜாமாவின் மேல் குளிர்கோட்டு, வீட்டுச் செருப்பு. வாசலிலேயே அவன் தோள் இரண்டையும் பிடித்து முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் டார்லீன் கண்ணில் பட்டாள்.

"நீங்க யாரு? போலீஸா?"

"கிளிக்காரி" என்றாள் டார்லீன்.

கூண்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல் வந்தது. மார்த்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நிஜமாவே கிளியா?" எழுந்து அவன் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "மடையா! ரெண்டு சிவப்பு விளக்கைத் தாண்டி வந்திருக்கேன்டா!"

டார்லீன் விஷயத்தைச் சொல்லிப் படிவத்தைத் தள்ளினாள்.

"எனக்கே நாப்பது. இது போறப்ப எனக்கு நூறு" என்றாள் மார்த்தா.

"இளையவங்களா இருந்தா நல்லதுன்னுதான் நான் எப்பவும் சொல்றது. ஆனா பேசிட்டு பத்து நிமிஷத்துல வந்து நின்னவங்க இதுவரைக்கும் ஒருத்தரும் இல்ல. எனக்குப் போதும்."

மார்த்தா பேனாவை வாங்கினாள். அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். லெஸ்யா என்பதையும் போன் நம்பரையும் ஒரே கோடாக அடித்து மேலே தன் பெயரையும் நம்பரையும் எழுதினாள். செம்கோ என்பதை அடிக்கவில்லை. அது அக்கா, தங்கை இருவருக்கும் பிறந்த வீட்டுப் பெயர்.

"நாளைப்பின்ன என் வீட்டுக்கு வரவேண்டிய கிளிக்கு என்னைத் தெரிஞ்சிருக்கணும்ல? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன். அதைப் பாக்கத்தான், உன்னை இல்ல. கதவைத் திற."

"திறக்கறேன்."

டார்லீன் பயணக்கூண்டை, தாரஸ் வாங்கி வைத்திருந்த பெரிய கூண்டின் வாசலோடு சேர்த்து வைத்துக் கதவைத் தூக்கிவிட்டாள். கிளி பின்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது. "தானா வரட்டும். கையை உள்ள விடாதீங்க. பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருங்க. காட்டுல எல்லாம் அமைதியாச்சுன்னா பருந்து வந்திருக்குன்னு அர்த்தம். சத்தம் இல்லாத வீட்ல இது வெளிய வராது." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். பேச எதுவும் வரவில்லை. கிளி அசையவில்லை.

"அந்தப் பைரோகி..." என்றான் தாரஸ்.

"எது?"

"பிப்ரவரியில வெச்சிட்டுப் போனியே. ஃப்ரீசர்ல இருக்கு."

"மாவுக்குள்ள வெச்சது உருளைக்கிழங்கா, முட்டைக்கோஸா?"

"திறந்து பாக்கல."

மார்த்தா மூச்சை இழுத்துவிட்டாள். "உன்னைத் திட்டணும்டா. நிறைய இருக்கு. இது பயந்துக்குமா?"

"சத்தம் இருந்தா சரின்னுதான் சொன்னாங்க."

அவள் அடக்கம் நடந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். திறக்காத கதவு, எடுக்காத போன், வாசலில் கல்லாய் உறைந்துபோன சூப். திட்டு கிறிஸ்துமஸ் வரைக்கும் வந்தபோது கிளி ஒரு காலை வெளியே வைத்தது. மார்த்தா பேச்சை நிறுத்தினாள். கால் உள்ளே போய்விட்டது.

"நிறுத்தாத" என்றான் தாரஸ்.