இரண்டு மாடி ஏறினால் போதும்

ஊரில் இருக்கிற லிஃப்டெல்லாம் ஒழுங்காக ஓட வேண்டும் என்று காலமெல்லாம் கிரீஸும் கையுமாகத் திரிந்த மனிதர், தான் குடியிருக்கும் கட்டடத்தில் நன்றாக ஓடுகிற லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன சார், உங்க லிஃப்ட் மேல உங்களுக்கே நம்பிக்கை போச்சா?" என்று மூன்றாம் மாடி வாத்தியார் கேட்டேவிட்டார். மெக்கானிக் அசடு வழியச் சிரித்தார். உண்மையை அவரிடம் சொல்லவா முடியும்?

உண்மை இதுதான். நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி இரண்டு மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போனார்கள். மனைவி மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்து மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார். கேட்டார் என்று சொல்வதுகூட அதிகம். "டாக்டர், வீட்ல..." என்று இழுத்தார், அவ்வளவுதான். டாக்டர் விவரமானவர், மீதியை அவரே போட்டுக்கொண்டார்.

"ரெண்டு மாடி ஏறிப் பாருங்க. மூச்சு வாங்காம, நெஞ்சு பிடிக்காம ஏற முடிஞ்சா தாராளமா சேர்ந்து இருக்கலாம். இருங்கன்னுதான் நான் சொல்வேன். வேலை போயிடுமோன்னு ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடக்கிறேன்னீங்களே, அதுக்கும் நல்லது. படபடப்பு அடங்கும், தூக்கம் வரும், மனசு லேசாகும். அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க!"

வேலைக் கவலை சும்மா வந்ததில்லை. மொட்டைமாடி மெஷின் ரூமுக்கெல்லாம் இனி ஏற வேண்டாம் என்று கம்பெனி அவரை ஒரு மேஜையில் உட்காரவைத்துப் புகார் போன் எடுக்கச் சொல்லியிருந்தது. யாரோ எங்கோ மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துவார்கள், இவர் இங்கே உட்கார்ந்துகொண்டு "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கு" என்பார். அந்த மேஜையும் எத்தனை நாளைக்கோ, ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

வீட்டில் மனைவி ஒரு குறையும் வைக்கவில்லை. உப்பைக் குறைத்தாள், எண்ணெயைக் குறைத்தாள், டிவி சத்தத்தைக் குறைத்தாள். தொடவும் செய்தாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை! மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தாள், கணுக்காலை அமுக்கி வீக்கம் பார்த்தாள். நோயாளியைத் தொடுகிற கை அது என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பெரிய கட்டிலை அவருக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, "உங்களுக்குத் தூக்கம் கெடக்கூடாதுல்ல" என்றாள்.

ஒரே அறைக்குள் இரண்டு கட்டில், நடுவில் நாலு எட்டு தூரம். அந்த நாலு எட்டை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போனார். வாய்விட்டுக் கேட்க வெட்கம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, இந்த வயதில், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்னவென்று கேட்பது? அதனால் படி ஏறினார்.

"இன்னைக்கு ரெண்டு மாடி ஏறினேன். மூச்சே வாங்கல" என்று வந்து நின்றார். மனைவி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உங்களை யாரு ஏறச் சொன்னது? லிஃப்ட் எதுக்கு இருக்கு?"

மறுநாளும் ஏறினார், சொன்னார். அதற்கு மறுநாள் ஒரு வீம்பில் மூன்று மாடி ஏறிவிட்டு வந்து சொன்னார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் தாலியை அறுக்கணும்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கத்திவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் குளியலறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆசை விட்டுப்போயிருக்கும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டார். அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். இருவரும் கடைக்குப் போய்விட்டு வந்தார்கள். கீழே லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு நின்றது. அவர் உள்ளே போகவில்லை.

"நீயும் கூட வா. எனக்கு மூச்சு வாங்குதா இல்லையான்னு உன் கண்ணாலயே பாரு."

"பிடிவாதம் பிடிக்காதீங்க."

"இன்னைக்கு ஒரு நாள் வா. அப்புறம் நான் ஏறவே மாட்டேன்."

என்ன நினைத்தாளோ, காய்கறிப் பையை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். முதல் மாடி வரைக்கும் வேகமாகத்தான் போனாள். அதற்கு மேல் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டாம் மாடி வந்ததும் பையை அப்படியே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவர் குத்துக்கல் மாதிரி நின்றார், அவருக்கு ஒன்றுமே இல்லை.

"ஐயோ, என்னம்மா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு என்ன கேடு! நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு நினைக்கிறீங்க? நீங்க மூச்சு விடுறீங்களான்னு பார்த்துப் பார்த்தே விடிஞ்சுடுது."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. "நான் ஏன் ஏறுறேன்னா... டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு மாடி. ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்புற அன்னைக்கே நர்ஸம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியென்றால் வந்து வந்து நின்றதெல்லாம் எதற்கு என்று இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். "என்னைப் பிடிக்காம போச்சா?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நெஞ்சுவலி வந்த அன்னைக்கு யாரு யாரைக் கூப்பிட்டா? ஞாபகம் இருக்கா?"

அவர் கீழே கிடந்த பையைப் பார்த்தார்.

"நான்தான் விளக்கை அணைச்சேன். களைப்பா இருக்குன்னீங்க, நான்தான் கேக்கல. கையைப் பிடிச்சு இழுத்தேன். கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டி என் மேலயே சாஞ்சீங்க. உங்க உடம்பைத் தள்ளிட்டுத்தான் எழுந்து போன் பண்ணினேன்."

"அது பல வருஷத்து அடைப்பு, எப்ப வேணா வந்திருக்கும்னு டாக்டரே சொன்னாரும்மா."

"என்கிட்டயும்தான் சொன்னாரு. தெரிஞ்சு என்ன செய்ய? மனசு கேக்கலையே."

மேலே யாரோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் காய்கறிப் பையை நிமிர்த்தி வைத்தார். "சரி. வேற எதுவும் வேணாம். பக்கத்துல வந்து சும்மா படுத்துக்கயேன்."

"சும்மா படுக்க முடிஞ்சா படுத்திருக்க மாட்டேனா?" என்றாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பக்கத்துல வந்தா என்னால சும்மா இருக்க முடியாதுங்க. அதான் தள்ளித் தள்ளிப் படுக்கிறேன்."

இத்தனை நாள் ஒருத்தியின் ஆசைக்கு எதிரே படுத்துக்கொண்டு, அவளுக்கு ஆசையே இல்லை என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார்! இப்போது அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குப்பைப் பையோடு வாத்தியார் இறங்கி வந்தார். இருவரையும் பார்த்துத் திகைத்தார். "என்னாச்சு? லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்ட் நல்லாத்தான் சார் இருக்கு. நாங்கதான் ரிப்பேர்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. வாத்தியார் புரிந்ததோ புரியவில்லையோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மீதிப் படிகளை மெதுவாக ஏறினார்கள். வீட்டுக்குள் போனதும் அவள் பையை மூலையில் வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பெரிய கட்டிலில் உட்கார்ந்து, "வாங்க" என்றாள்.

அவருக்குக் கால் எழவில்லை. இத்தனை நாளாக எதற்காகப் படி ஏறினாரோ அது எதிரே உட்கார்ந்திருக்கிறது, இவருக்கோ உள்ளங்கை வேர்த்துச் சில்லிட்டுவிட்டது. காதுக்குள் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டார். அன்றைய இரவு போலவே இருக்குமோ? பாதியில் நின்றுவிட்டால்? திரும்பவும் அவள் தன்னைத் தள்ளிவிட்டு எழுந்து போனைத் தேட வேண்டி வந்தால்?

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, பயமா இருக்கா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை.

"ஆமா" என்றார்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"அப்பாடா" என்று அவள் பெருமூச்சு விட்டு, அவர் உட்காருவதற்குத் தள்ளி இடம் விட்டாள். "இத்தனை மாசமா இந்த வீட்ல நான் ஒருத்திதான் பயந்துக்கிட்டிருந்தேன்."