சிவப்புத் தரையில் கட்டங்கள்

"அதைத் துடைக்காதீங்கோ மாமி!"

ராஜம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு சாவித்திரி மாமியின் கையிலிருந்த ஈரத்துணி வாளிக்குள் விழுந்தது. நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் புருஷன் போனபோதுகூட வாய் திறக்காதவள், அவரைக் கிடத்தக் கூடத்தைத் துடைக்கும்போது கத்துகிறாள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இனி ஒரு வாரத்துக்கு இதுதான் பேச்சு. மாமி இருக்கையில் பேச்சுக்கா பஞ்சம்?

"என்னடி இது, சாக்பீஸ்ல கட்டம் கட்டமா? இந்த வயசுல பாண்டி ஆடினேளா ரெண்டு பேரும்?"

"இருக்கட்டும் மாமி." ராஜம் அதன்மேல் பாயை விரித்தாள். "இங்கேயே படுக்க வைக்கலாம்."

வீரராகவனைக் கொண்டுவந்து அதன்மேல் கிடத்தினார்கள்.

மனிதர் ஆபீஸ் வட்டாரமான டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தார். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் யூனியன் கொதித்தது. மத்தியானம் வாசலில் நின்று 'கம்ப்யூட்டர் ஒழிக' என்று எல்லோரையும்விட உரக்கக் கத்துவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, தரையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாக வரைந்த கீபோர்டின் முன் சப்பணமிட்டு உட்காருவார். பகல் முழுக்கப் போடுகிற கணக்கை இரண்டு மூன்று பொத்தான்களில் முடிக்கிற குறுக்குவழிகள் உண்டாம். கற்காதவர்களை அஸ்ஸாம் தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம். கற்பது தெரிந்தால் 'முதலாளியின் தலால்', கைக்கூலி என்று யூனியன் காறித் துப்பும் என்று இன்னொரு பயம்.

ராஜம் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். "காப்பி ஆச்சா", "கேஸ் வந்துதா" என்பதைத் தாண்டி அதிகம் பேசியறியாத தம்பதி. சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபோது, மாமி தன் கற்பனைக்கு எட்டியதை நாலு வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

உள்ளே நடந்தது இதுதான்:

"மொத்தத்தையும் மறுபடி கூட்டணும்?"

"எஃப் ஒன்பது."

"முடிச்சு வெளியில வரணும்?"

"ஸ்லாஷ், க்யூ, ஒய்."

"போச்சு போங்கோ! பண்ணினதெல்லாம் அழிஞ்சுடுத்து. முதல்ல ஸ்லாஷ், எஃப், எஸ். பத்திரப்படுத்திட்டுன்னா வெளியில வரணும்? தினமும் இதையே மறக்கறேள்."

"அதான் ஞாபகப்படுத்த நீ இருக்கியே."

முந்தாநாள் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. வலது கை விரல்கள் மட்டும் போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்தன.

"விரல் விட்டு நாராயண ஜபம் பண்ணிண்டே போனார்!" என்று மாமி இப்போது வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்பேர்ப்பட்ட ஆத்மா!"

ராஜம் பக்கத்திலிருந்து எண்ணியிருந்தாள். மூன்று தட்டு. கொஞ்சம் நின்று, மறுபடி மூன்று தட்டு. வெளியில் வருகிற க்யூவா, பத்திரப்படுத்துகிற எஃப்பா? கட்டமில்லாத போர்வையில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

யூனியன்காரர்கள் மாலையோடு வந்தார்கள். முன்னால், ஆபீஸ் வாசலில் கோஷம் எடுத்துக்கொடுக்கும் தலைவர் வைத்தீஸ்வரன். தூக்கும்போது பாய் விலகியது. வெள்ளைக் கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. வைத்தீஸ்வரன் குனிந்து பார்த்தார்.

அவர் காலாலேயே பாயை இழுத்து மூடினார்.

"எஃப் பக்கத்துல ஜி விட்டுப்போச்சே மன்னி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் வீட்டு ஜன்னலும் சாயங்காலத்தில் சாத்தியிருக்கும் போலிருக்கிறது.

வண்டி தெருமுனை திரும்பியதும் மாமி பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு வாளியோடு வந்தாள். பிணம் போன வீட்டைக் கழுவாமல் விட முடியுமா?

"தள்ளிக்கோ ராஜம், தண்ணி விடணும்."

"ஒரு நிமிஷம் மாமி."

ராஜம் தரையில் உட்கார்ந்தாள். கீழ்வரிசை ஓரத்தில் ஸ்லாஷ் கட்டத்தை விரலால் அழுத்தினாள். பிறகு எஃப். பிறகு எஸ்.

"இப்போ விடுங்கோ."

மாமி வாளியைச் சாய்த்தாள். விரல் நுனியில் சாக்பீஸ் பொடி ஒட்டியிருந்த அந்தக் கையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராஜம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.