தெரியலக்கா

1

ஓர் அறிவியல் கட்டுரையில் படித்த ஒரு செய்திதான் இந்தக் கதைக்கு விதை. முடியின் வேரில் உள்ள உயிரணுக்கள் காலம் வந்ததும் தாமாகவே செத்துப்போகின்றனவாம். எத்தனை குருத்தணுக்கள் மிஞ்ச வேண்டும் என்பதையும் அந்தச் சாவுதான் முடிவு செய்கிறதாம். (குருத்தணு என்றால் புது முடியைப் பெற்றெடுக்கும் தாய் அணு.) படித்து முடித்ததும் எனக்கு ஒரு பொறாமைக்காரி தேவைப்பட்டாள். ஏன் என்று கேட்காதீர்கள்.

2

1993ஆம் ஆண்டு, புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் ரப்பர் மரங்களின் மேல் பனி மெல்ல…

வேண்டாம். பனியால் இந்தக் கதைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெட்ரிசியா மலேசியாவின் சிரம்பான் நகரில் உயிரியல் ஆசிரியை. அவளுடைய அக்காள் அந்தோனியம்மாள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவள். அக்காளுக்கு முழங்காலைத் தொடும் கூந்தல். தங்கைக்கு எலிவால் போல ஒரு சடை. பட்டம் வாங்கி வந்த அன்றுகூட, தேவாலயத்துப் பெண்கள் தங்கைக்குக் கை கொடுத்துவிட்டு அக்காளின் பின்னலைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

அக்காளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. மருந்து ஏற்றிக்கொள்வதற்காகத் சிரம்பானின் தெமியாங் பகுதியில் இருந்த தங்கை வீட்டில் வந்து தங்கினாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு, ஒரு காலையில் பெட்ரிசியா சீவிவிட்டபோது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது.

(பெட்ரிசியாவின் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. ‘அதிர்ச்சி’ என்றுதான் முதலில் எழுதினேன். பொய்.)

“திரும்ப மொளைக்குமாடி?” என்றாள் அக்காள்.

பெட்ரிசியாவுக்குத் தெரியும். வேகமாகப் பெருகும் வேரணுக்களைத்தான் மருந்து சாகடிக்கிறது. சற்று மேலே உறங்கிக் கிடக்கும் குருத்தணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

“தெரியலக்கா.”

3

ஏன் அப்படிச் சொன்னாள்? வீண் நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்…

இந்த வாக்கியம் நிற்கவில்லை. அக்காளும் தன்னைப் போல இருக்கும் கொஞ்ச நாள் அவளுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த ஊசிக்குப் புறப்பட வேண்டிய காலையில், அந்தோனியம்மாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு துணிகளைப் பையில் திணித்தாள்.

“நான் எஸ்டேட்டுக்கே போறேன்லா. முடி போச்சு. வருமான்னு படிச்ச ஒனக்கே தெரியல. இந்தக் கோலத்துல இருந்து என்ன செய்யப்போறேன்? ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

பெட்ரிசியா வாசலை மறித்து நின்றாள்.

“வரும்க்கா. ஊசியெல்லாம் முடிஞ்சதும் வந்துரும். எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் தெரியலன்னு சொன்ன?”

“பொறாமைக்கா. சின்னதுலேருந்து.”

அந்தோனியம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

“வளரட்டும். தெனமும் நீதான் சீவணும். வேற யாரையும் தொட விடமாட்டேன். போ, டாக்சி கூப்பிடு.”

(இது மன்னிப்பா தண்டனையா? பெட்ரிசியாவும் கேட்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.)

4

ஊசிகள் முடிந்தன. அந்தோனியம்மாள் பிழைத்தாள், வேறு மாதிரி எழுத எனக்குத் தைரியமில்லை. சில மாதங்களில் தலை முழுக்கக் கருகருவென்று, முன்பில்லாத சுருளோடு முடி கிளம்பியது. பெட்ரிசியா அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

‘மகிழ்ச்சி’ என்று எழுதினேன்; அடித்தேன். ‘மறுபடியும் எரிச்சல்’ என்று எழுதினேன். அதை அடிக்க மனம் வரவில்லை. இரண்டும் வந்தன, அது உறுதி. எது முதலில் வந்தது என்பதை, கூடப்பிறந்தவர்கள் உள்ள யாராவது எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒற்றைப் பிள்ளை.