விருந்தாளியின் குதிரை

அக்பர் பாஷா கடைசிக் குதிரையையும் வெட்டித் தன் பக்கம் வைத்தபோது, மரியதாஸின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது. சதுரங்கத் துணி விரிப்பில் குலாம் முகம்மதுவின் ராஜா தன்னந்தனியாக இருந்தது.

"இன்னா மச்சான், ராஜா அம்மணமா நிக்கிறாரு. ஒரு துண்டாச்சும் குடுக்கக் கூடாதா?" என்று சிரித்தான் அக்பர்.

அக்பர் பாஷா, குலாமின் மனைவி ஹமீதுன்னிசாவின் தம்பி. காலையில்தான் ஆம்பூரிலிருந்து வந்திருந்தான். குலாமும் சிரித்தார். மரியதாஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

மரியதாஸ் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவர். கீழைநாட்டுப் பலகை ஆட்டங்களை ஆராய்வதில் பித்து. யுத்தம் முடிந்ததிலிருந்து, ஞாயிறு பூசை கலைந்ததும் சாந்தோமிலிருந்து கச்சேரி ரோட்டிலுள்ள அத்தர் வியாபாரி குலாமின் இந்த வீட்டுக்கு நடந்து வந்துவிடுவார். ஆட்டத்தில் அவருக்கு ராஜாவும் இன்னொரு காயும் மட்டும் மிஞ்சியதும் குலாமின் கை தயங்கும். வெட்டக்கூடிய அந்தக் காயை விட்டுவிட்டு வேறெதையாவது நகர்த்துவார். ஏனென்று மரியதாஸ் கேட்டதில்லை. கேட்டால் ஜனங்கள் கேட்பவனுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். கண்ணால் பார்ப்பதே சாட்சி என்பது அவர் கொள்கை. கடைசித் துணையை வெட்டாத அந்த விதி, மறைந்துபோன பழைய சதுரங்கத்தின் மிச்சம் என்று கட்டுரை எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் லஸ்ஸில் கூடும் சரித்திர சபையில் அதைப் படிக்க வேண்டும். தலைமை வகிக்கும் ஸ்ரீனிவாசராகவன் ஒப்புக்கொண்டால் லண்டன் பத்திரிகைக்குப் போகும். சபைக்கு வருவதற்காகக் குலாமின் ஷெர்வானி இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது.

"பாய், அந்தக் குதிரைய வெட்டலாமா?" என்று கேட்டார் மரியதாஸ்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வெட்டலாம் சார்."

"என்னுத ஒரு நாளும் வெட்டலையே."

குலாம் விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். "நீங்க மெஹ்மான். ஊட்டுக்கு வந்தவர ஒத்தையா நிக்க வச்சா அனுப்புவாங்க? எங்க வாப்பா அப்பிடித்தான் ஆடுவாரு. நீங்க அத எழுதிக்கினு இருந்தது எனக்குத் தெரியாது."

மரியதாஸ் தேநீரை ஒரு வாய் குடித்தார். தித்தித்தது. அக்பரின் தேநீர் வெல்லத்தில் கறுத்திருந்தது. ரேஷன் சர்க்கரை இத்தனை நாளும் தன் கோப்பைக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. இதையும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கோப்பையைக் கீழே வைத்தார்.

"நா அங்க வாயத் தொறக்க மாட்டேன் சார்," என்றார் குலாம் மெதுவாக. "இவனும் சாயங்கால வண்டிக்குப் போயிடுவான்."

இதுவும் அதே கைதான். வெட்டாமல் விட்டு நகர்கிற கை. ஒரு கணம் மரியதாஸின் மனம் அதைப் பற்றிக்கொள்ளப் பார்த்தது. பிறகு குனிந்து காய்களை அடுக்க ஆரம்பித்தார்.

"ஒரு ஆட்டம் போடலாம் பாய்."

அக்பர் எழுந்து இடம்விட்டான். பேச்சில்லாமல் ஆட்டம் நடந்தது. பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்து ஓய்ந்தது. சபைக்குப் போவதற்காக வரச் சொல்லியிருந்த ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றது. மரியதாஸிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மிஞ்சின. குதிரையை எடுத்து, குலாமின் யானைக்கு நேர் எதிரே வைத்தார்.

"வெட்டுங்க பாய். இனிமே நா மெஹ்மான் இல்ல."

குலாமின் கை யானையிடம் வந்து நின்றது. அத்தர்க் கறை படிந்த விரல்கள் அதன் தலைமேல் இருந்தன. கதவிடுக்கில் ஹமீதுன்னிசாவின் முக்காடு தெரிந்தது. அவள் கையில் சர்க்கரை டப்பா இருந்தது, மூடி திறந்தபடி.