நிஹ்லா பொத்திவைத்த எழுத்து

மே மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, குருநகர் முன்பள்ளி ஒன்றில் நான்கு வயது நிஹ்லா ‘ந’ எழுத்தை முதல்தடவையாகப் பிழையில்லாமல் எழுதி, அதைச் சிலேற்றிலிருந்து உரித்தெடுத்து இடக்கைக்குள் பொத்திக்கொண்டாள். பத்தரை ஆவதற்குள் யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் ந இல்லை. நல்லூர் பஸ்ஸின் பலகையில் ல்லூர் என்றுதான் இருந்தது; நடத்துநர் வழக்கம்போலக் கூவி அழைத்ததால் யாரும் வழிதவறவில்லை. பத்திரிகைகளில் பூச்சி அரித்ததுபோல ஓட்டைகள் விழுந்தன. அந்தோனியார் கோயில் வாசலில் புனிதரின் பெயர் இடையில் ஓரெழுத்து இல்லாமல் கிடந்தது.

ஸ்ரெல்லா ரீச்சருக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். பதினொரு வருடமாகச் சின்னக் கைகளைப் பிடித்து எழுதப் பழக்குகிறவள் அவள். ந-வின் வாலைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நிஹ்லாவின் பெயரே அதில் தொடங்குவதால், மூன்று கிழமையாக மண் தட்டில் அவளுடைய விரலைப் பிடித்து அந்த ஒரு எழுத்தையே வளைத்துக் காட்டியிருந்தாள். பிறகுதான் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டாள். கையைத் திறக்கச் சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தது.

அந்தக் கையைப் பொத்தியபடியே நிஹ்லா சாப்பிட்டாள், குளித்தாள், உறங்கினாள். தாய் ஜிஹானா கெஞ்சியும் பார்த்தாள், வெருட்டியும் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை, ‘நட்சத்திரம்’ என்ற படகின் சொந்தக்காரர் யாகோப்பு எட்டுப் பேருடன் முன்பள்ளி வாசலுக்கு வந்தார். பெயர் குறைந்த படகில் கடலுக்குப் போக அவருடைய ஆட்கள் மறுத்துவிட்டிருந்தார்கள்.

“பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு விரிச்சா அலுவல் முடிஞ்சுது, ரீச்சர். நாலு நாளாத் தொழில் இல்லை.”

ஸ்ரெல்லா கதவை மறித்து நின்றாள். “விரிச்சா எழுத்து வரும், யாகோப்பு அண்ணை. பிள்ளை இனி எழுதாது.”

அவர்கள் வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார்கள். ஸ்ரெல்லா உள்ளே போய்ப் பாயில் நிஹ்லாவின் பக்கத்தில் இருந்து, ஏன் என்று கேட்டாள். முதல் நாளே கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“வாப்பா திரும்பவும் புத்தளத்துக்குப் போவமெண்டு உம்மாட்டைச் சொன்னவர்,” என்றாள் நிஹ்லா. “அங்கையிருந்து வரேக்கை கதவிலை இருந்த என்ரை பேரை விட்டிட்டு வந்திட்டம். இதையும் விட்டிட்டு வரச் சொல்லுவினம்.”

தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்குப் போன முஸ்லிம்களின் பேரப்பிள்ளை அவள். பழைய இரும்பு வாங்கி விற்கும் தகப்பன் றிஷாத், பாட்டனின் காணியில் ஒரு வீடு கட்டலாமென்று போன வருடம் குடும்பத்தோடு வந்தவன். காணியும் கிடைக்கவில்லை, வீட்டுத்திட்டத்தில் பெயரும் வரவில்லை. ஸ்ரெல்லாவும் பத்து வயதுக்குள் நாலு தரம் இடம்பெயர்ந்தவள். போகமாட்டீர்கள் என்று அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன் உள்ளங்கையை நீட்டினாள்.

“எழுதினாக் குறையாது. இஞ்சை எழுதிப்போட்டு, உன்ரை கைக்குள்ளை பார்.”

நிஹ்லா வலக்கை விரலால் எழுதினாள். ஸ்ரெல்லாவின் கையில் ஒரு கறுத்த ந, காற்றுக்குச் சரிந்த மரம்போல இடப்பக்கம் சாய்ந்து, குட்டை வாலோடு எழும்பியது. பிள்ளை தன் பொத்திய கையைச் சற்றே விரித்துப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது. உடனே மற்றப் பதினான்கு பிள்ளைகளின் கைகளிலும் எழுதினாள், கதவில் எழுதினாள், யாகோப்பின் முரட்டு உள்ளங்கையிலும் எழுதினாள். அவர் அவளைத் தோளில் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனார். படகிலும் எழுதி முடித்தபோது, ஊரெல்லாம் எழுத்து தானாகவே திரும்பிவந்தது: பஸ்ஸில், பத்திரிகையில், கல்லறைகளில், எல்லா இடத்திலும் நிஹ்லாவின் கையெழுத்தில். அதைத் திருத்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னேரம் படகுகள் கடலுக்குப் போயின.

ஓகஸ்டில் றிஷாத் குடும்பம் லொறியில் புத்தளத்துக்குப் போனது. தாயின் மடியிலிருந்து நிஹ்லா கையை நன்றாக விரித்து ஆட்டினாள். ந அதில் அப்படியே இருந்தது. லொறி தெருமுனையில் திரும்பி மறையும்வரை அழுதுவிட்டு, பிள்ளைகள் காத்திருந்தபடியால் ஸ்ரெல்லா உள்ளே போனாள்.

தை மாதம் முன்பள்ளிகளைப் பார்வையிடும் உத்தியோகத்தர் கந்தப்பு வந்தார். புதிய பிள்ளைகள் மண் தட்டில் எழுதுவதைக் குனிந்து பார்த்தார்.

“ஏன் ரீச்சர், ந சரிஞ்சு நிக்குது?”

“இஞ்சை அப்பிடித்தான், ஐயா.”

“ஓம், ஓம்,” என்றவர் பதிவுப் புத்தகத்தில் தன் பெயரை எழுதினார். அதிலிருந்த ந இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. மையை ஊதிக் காயவைத்துவிட்டு, அடுத்த பள்ளிக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைத்தார்.