காந்தம் ஏற்றாத பெட்டி

இரண்டு பெரிய நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டதில் தூக்கம் போனது என்னவோ இந்தக் கொள்முதல் அதிகாரிக்குத்தான். காந்தமெல்லாம் ஒரு நாட்டின் பிடியில். இவர் தொழிற்சாலை செய்யும் சக்கர நாற்காலி மோட்டார்கள் போவதோ அதன் எதிரி நாட்டுக்கு. காந்தம் வராவிட்டால் மோட்டார் பிரிவை இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியாயிற்று. அந்தப் பிரிவில்தான் இவர் மனைவியும் வேலை பார்த்தாள்.

வீட்டில் மனுஷர் ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடப்பார். ஃபோனை எடுப்பார், வைப்பார். "காந்தப் பெட்டி மட்டும் வரட்டும், ஒரு நிமிஷம் சும்மா போட்டு வைக்கக் கூடாது" என்று புலம்புவார்.

"நீங்க நடந்தா கப்பல் சீக்கிரம் வந்துடுமா? உக்காந்து சாப்பிடுங்க" என்பாள் மனைவி.

ஒருவழியாக ஒரு காலையில் பெட்டி வந்தது. வரும்போது அதிலுள்ள உலோகத் துண்டுகளுக்கு ஒரு குண்டூசியை இழுக்கக்கூடத் தெம்பிருக்காது. இங்கே இயந்திரத்தில் வைத்து மின்சாரத்தால் ஓர் அடி கொடுத்தால்தான் காந்தமாகும். அன்றன்றைக்கு வேண்டியதற்கு மட்டும் அப்படிக் காந்தம் ஏற்றுவதுதான் வழக்கம். அவர் பெட்டியைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

மதியம், காந்தம் வரவழைத்துக் கொடுத்த தரகர் ஃபோன் செய்தார். "சார், காந்தம் தர்ற நாட்டுல புது உத்தரவு போட்டிருக்காங்க. இந்தக் காந்தம் வச்ச மோட்டார் ஒண்ணுகூட அவங்க எதிரி நாட்டுக்குப் போகக் கூடாதாம். போனா உங்களுக்கு இனிமே சரக்கே கிடையாது. முடியாதுன்னா பெட்டியைத் திருப்பிடுங்க, பேராவது தப்பிக்கும். ஆனா காந்தம் ஏத்தாம இருக்கணும். ஏத்தினதை வாங்க மாட்டாங்க."

விஷயத்தைக் கேட்டு முதலாளி பெருமூச்சு விட்டார். "அனுப்பிடுங்க. இவங்க சண்டை எத்தனை நாளைக்கு? பேர் கெடாம இருந்தா, அதுவரைக்கும் யாரையும் வீட்டுக்கு அனுப்பாம நான் சமாளிக்கிறேன்."

அதிகாரி விழுந்தடித்துக்கொண்டு பிரிவுக்கு ஓடினார். இயந்திரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மொத்தப் பெட்டியும் ஏத்தியாச்சுங்க. ஒரு நிமிஷம் சும்மா வைக்கல. இன்னைக்காவது உக்காந்து சாப்பிடுவீங்கள்ல?"

யாரைத் திட்டுவது? அவள் செய்தது அவர் சொன்னதைத்தான். காந்தங்கள் அடுக்கியிருந்த மேஜையில் கையை ஊன்றினார். கையிலிருந்த சாவிக்கொத்து பறந்துபோய்க் காந்தங்களில் ஒட்டிக்கொண்டது.

"சாப்பிடறேன்" என்றார், சாவியைப் பிடித்து இழுத்தபடி. அது வரவில்லை.